கொடையிடம் வேண்டாம், எடுப்பிடம் என்போம்

வணக்கம்.

நாயின் உடலில் ஓரிடத்துத் தோலை எடுத்து, தோல் இழந்த இன்னோரிடத்தில் ஒட்டும் தோல் ஒட்டு அறுவைக்குத் தமிழ்ச் சொற்கள் தேடிவருகிறோம். அதில், தோல் எடுக்கும் பகுதிக்குக் 'கொடையிடம்' என்று ஒரு நண்பர் சொல் தந்திருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மன்னார்குடிப் பக்கம், அறுவடை இயந்திரத்தில் சிக்கி முன்னங்கால் தோல் உரிந்துபோன ஒரு நாய். அதை வளர்த்தவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். "கொடைன்னா வேற நாய்கிட்டேருந்தா எடுப்பீங்க? பாவம், அதுக்கு வலிக்காதா டாக்டர்?" என்றார். குருதிக்கொடை, கண்கொடை என்று பழகிய காதுக்குக் கொடை என்றாலே இன்னோர் உயிர் தருவதுதான். இங்கே தோல் எடுக்கும் விலாவும் அதே நாயுடையது, ஒட்டும் காலும் அதே நாயுடையது.

எடுக்கும் இடம் 'எடுப்பிடம்', ஒட்டும் இடம் 'ஏற்பிடம்'. இதுவே என் முன்மொழிவு.

பாடம் சொல்லவும் இது உதவும். நாய்க்கு முழங்கைக்குக் கீழே தோல் இறுக்கம். பெரிய புண்ணை இழுத்துத் தைக்க அங்கே மிச்சத் தோல் கிடையாது. விலாப்புறத்தில் பிடித்துத் தூக்கினால் கை நிறைய வரும். அங்கே முழுத்தடிமனாக, அதாவது தோலின் எல்லா அடுக்கும் சேர, எடுத்துவிட்டு, விளிம்புகளைச் சேர்த்துத் தைத்துவிடலாம். எடுக்கும் முன் மயிர் சாயும் திசையைத் தோலின் மேல் அம்புக்குறியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். மறந்தால் காலில் மயிர் மேல்நோக்கி முளைத்து ஆயுசுக்கும் அப்படியே நிற்கும். எடுத்த தோலைக் கவிழ்த்து, அடிக்கொழுப்பைக் கத்தரியால் சீவச் சீவ, மயிர்க்கால் குமிழ்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதுவரை சீவ வேண்டும்.

பிறகு அந்த எடுத்த தோலில் சிறு கீறல்கள் போடுகிறோம், ஒட்டியபின் அடியில் ஊறும் நீர் தேங்காமல் வெளியேற. அந்தக் கீறலை 'வடிகண்' எனலாம். மதகுக்குக் கண் உண்டு என்று டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒட்டு உயிர்பெறுவதற்கு அந்த நண்பர் 'பொருந்துகை' என்று எழுதியிருந்தார். நட்ட நாற்று சில நாள் வெளிறி நிற்கும், அப்புறம்தான் பச்சை பிடிக்கும். ஒட்டிய தோலும் முதலில் வெளுக்கும், பிறகு நீலம் பாரிக்கும், ஒரு வாரம் பத்து நாளில் சிவக்கும். முதல் இரண்டு நாள் அடியில் கசியும் நீரை உறிஞ்சியே பிழைத்துக் கிடக்கிறது. அதன்பின்தான் இரத்தக் குழாய்கள் இணைகின்றன. நீலத்தைப் பார்த்து, செத்துவிட்டது என்று பிரித்தெடுத்தவர்கள் உண்டு. அதனால் 'பிடிப்பு' என்ற சொல்லே எனக்குப் பிடித்திருக்கிறது. வளர்ப்பவர்களும் "தோல் பிடிச்சிருச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

'ஒட்டு' என்பதை மாற்ற வேண்டாம். ஒட்டுமாங்கன்றில் இரண்டு மரம் ஒன்றாகிறது, இங்கே அப்படி இல்லை என்ற வாதம் சரிதான். ஆனாலும் அந்தச் சொல் வேரூன்றிவிட்டது.

ஏற்பிடத்தில் ஒட்டுக்கு முன் எழும்பி நிற்கவேண்டிய அந்தச் செக்கச்சிவந்த சதைக்கு மட்டும் சொல் அமையவில்லை. வீடுகளில் 'புதுச்சதை' என்கிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமா?