1:64 ஸ்கைலைன் ஆர்32: பிரித்து, நீலம் அடித்து, ரப்பர் டயர் மாட்டுவது பற்றி

புதுத்தகரம்:
வணக்கம் நண்பர்களே. உலோக பேஸ் (அடித்தட்டு), ரெண்டு ரிவெட் உள்ள 1:64 (நிஜக் காரில் 64-இல் ஒரு பங்கு) நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் (ஆர்32) மாடல் கார் ஒன்றை, குரூப் ஏ பந்தயத்தில் ஓடிய 12ஆம் எண் கால்சோனிக் நீலக் காராக மாற்ற வேண்டும். கம்பெனி சக்கரத்தைக் கழற்றிவிட்டு ரப்பர் டயர் செட்டும் போட எண்ணம். ரிவெட்டை எந்த பிட்டால் எடுப்பது? திரும்ப மூடப் பசையா, ஸ்க்ரூவா? பழைய பெயின்ட்டை முழுக்க உரிக்க வேண்டுமா, அதன் மேலேயே அடிக்கலாமா? சக்கரம் 9, 10, 11 மி.மீ. என்று கிடைக்கிறது, எது சரி? வெள்ளை எழுத்துகளை வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் டீகலாக (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர்) எடுக்க முடியுமா?

ரிவெட்மணி:
ரிவெட் விஷயத்தை நான் சொல்றேன். பெரிய பிட்டை எடுத்த எடுப்பிலேயே வைக்காதீங்க. ரிவெட் தலை உருண்டையா இருக்கும், பிட் வழுக்கி பேஸ்ல கோடு போட்டுடும். முதல்ல நடுவுல சென்டர் பஞ்சால ஒரு குழி. அப்புறம் 1.5 மி.மீ. பிட்டால 3, 4 மி.மீ. ஆழம். அதுக்கப்புறம்தான் 3 மி.மீ. பிட், மெதுவான வேகத்துல. தலை மட்டும் வளையமா அறுந்து பிட்டோட சேர்ந்து சுத்த ஆரம்பிக்கும். அங்கேயே நிறுத்திடணும். இன்னும் அழுத்தினா உள்ளே இருக்கிற போஸ்ட் (பாடியோட சேர்ந்த தூண்) தேஞ்சு, ஸ்க்ரூ பிடிக்க இடமே இருக்காது.

வளையம் விடுபடாம ஸ்க்ரூ டிரைவரால பேஸை நெம்பாதீங்க. டை-காஸ்ட்டுங்கிறது துத்தநாகக் கலவை. வளையாது, சட்டுனு முறியும். முன் போஸ்ட் முறிஞ்சா பம்பர் பக்கம் பேஸ் தூக்கிட்டே நிக்கும்.

மூடறதுக்கு ஸ்க்ரூதான். வேலை முடியறதுக்குள்ள எப்படியும் நாலைஞ்சு தடவை கழற்றி மாட்டுவீங்க. போஸ்ட்ல 1.6 மி.மீ. துளை, எம்2 டேப்பால (மரை வெட்டுற ஸ்டீல் கருவி) மரை, 4 மி.மீ. நீள ஸ்க்ரூ. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுத்து முன்னால, கால் சுத்து பின்னால. துத்தநாகத் தூள் பிசின் மாதிரி டேப்போட பள்ளத்துல அப்பிக்கும். ரெண்டு மூணு சுத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து பிரஷ்ஷால தட்டுங்க. இல்லேன்னா டேப் உள்ளேயே முறியும்.

வண்ணக்குழல்:
பெயின்ட் பற்றி. இந்தக் காருக்கு உரிப்பதுதான் சரி. 1:64 அளவில் கதவுக் கோடு தலைமுடி அகலம்தான் இருக்கும். கம்பெனி பெயின்ட், ப்ரைமர், நிறம், கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) என்று அடுக்கினால் கோடு மூடி, கார் சோப்புக்கட்டி போல வழவழவென்று ஆகிவிடும்.

பாடியிலிருந்து கண்ணாடி, இன்டீரியர் எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். ரிமூவர் பட்டால் பிளாஸ்டிக் கரையும். ஜெல் வகை பெயின்ட் ரிமூவர் தடவிப் பத்து நிமிடம் விட்டால் பெயின்ட் சுருங்கி எழும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். ரிமூவரில் மெத்திலீன் குளோரைடு இருந்தால் கட்டாயம் வெளியில் காற்றோட்டத்தில் செய்யுங்கள். மெல்லிய நைட்ரைல் கையுறையை அது சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். காஸ்டிக் சோடா, அடுப்பு கிளீனர் வேண்டாம். அவை பெயின்ட்டோடு துத்தநாகத்தையும் தின்று, பரப்பைக் கறுத்துச் சொரசொரப்பாக்கும்.

உரித்தபின் வார்ப்பு அச்சு சேர்ந்த கோடு கூரைத் தூணிலும் பம்பர் ஓரத்திலும் தெரியும். அதை ஊசி அரத்தால் ராவி, 600 உப்புத்தாள் போட்டு, பாத்திர சோப்பில் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தபின் விரல் படக்கூடாது. வெறும் துத்தநாகத்தில் சாதாரண ப்ரைமர் நகம் பட்டாலே உரியும். உலோகத்துக்கான எட்ச் ப்ரைமர் ஒரு மெல்லிய கோட், அதன் மேல் வெள்ளை ப்ரைமர். சாம்பல் ப்ரைமர் மேல் இந்த நீலம் மங்கிப்போகும்.

நிறத்துக்கு லாக்கர் ஸ்பிரே, 15–20 செ.மீ. தூரம். முதல் கோட் வெறும் தூவல். வெள்ளை தெரிந்தால் தெரியட்டும். 10–15 நிமிட இடைவெளியில் இன்னும் இரண்டு கோட். டப்பாவை வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் வைத்தால் பொடியாகத் தெளிக்கும். கொதிநீர் கூடவே கூடாது, 50 டிகிரியைத் தாண்டினால் டப்பா வெடிக்கலாம். மழை நாளில் அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் படிந்து வெண்மேகம் போட்டுவிடும்.

எனாமல் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கும். லாக்கர் மேல் எனாமல் பிரச்சினை இல்லை. பேனல் லைனுக்கு (கதவுக் கோடு போன்றவை) எனாமல் கறுப்பை நீர்க்கக் கரைத்து விடுவது இதனால்தான். வழிந்ததை எனாமல் தின்னரால் துடைத்தாலும் அடியிலுள்ள லாக்கர் அசையாது.

செல்ஃப்காரன்:
உரிப்பதில் எனக்குக் கொஞ்சம் வேறு கருத்து. வாங்கிய காரே நீலமாக இருந்து, மேலே அச்சடித்த டாம்போ (கம்பெனி எழுத்து, படம்) மட்டும்தான் தொல்லை என்றால், காட்டன் பட்டில் அசிட்டோன் தொட்டு இரண்டு மூன்று தேய்ப்பில் எடுத்துவிடலாம். ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் அடியிலுள்ள நிறமும் மங்கும், அவ்வளவுதான். கதவுக் கோடு கூர்மையாகவே இருக்கும். நிறம் வேறு என்றால் வண்ணக்குழல் சொன்னதே வழி.

சக்கரத்துக்கு ஊகமே வேண்டாம், கணக்குப் போடுங்கள். ஆர்32 ஜிடி-ஆர் ரோடு காருக்கு வந்த டயர் 225/50 ஆர்16. அகலம் 225 மி.மீ., பக்கச் சுவர் அதில் 50 சதவீதம், அதாவது 112.5 மி.மீ., இருபுறமும் சேர்த்து 225. 16 அங்குல ரிம் 406. மொத்தம் 631. அதை 64-ஆல் வகுத்தால் 9.9. ஆக 10 மி.மீ. செட். ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆருக்கு 245/40 ஆர்18, அது 10.2, அதற்கும் 10 மி.மீ. போதும். 11 மி.மீ. போட்டால் எந்த ஸ்கைலைனும் ஜீப் மாதிரி நிற்கும். டொயோட்டா ஏஇ86-க்கு 185/60 ஆர்14 என்று எடுத்தால் 9 மி.மீ.தான்.

ஆனால் உங்கள் கார் உண்மையிலேயே 1:64-தானா என்று பாருங்கள். ஆர்32 வீல்பேஸ் 2615 மி.மீ., அதாவது மாடலில் முன் ஆக்ஸில் நடுவிலிருந்து பின் ஆக்ஸில் நடுவுக்கு 40.9 மி.மீ. வரவேண்டும். டொமிக்கா (ஜப்பானிய பொம்மைக் கார் பிராண்ட்) சாதாரண வரிசையில் எல்லாக் காரும் ஒரே அளவுப் பெட்டிக்குள் அடங்கவேண்டும் என்பதால் ஸ்கேல் காருக்குக் கார் மாறும். அங்கே 64-க்குப் பதில், நிஜ வீல்பேஸை உங்கள் அளவீட்டால் வகுத்தால் வரும் எண்ணால் வகுங்கள்.

மாட்டுவது: பழைய ஆக்ஸிலை நடுவில் வெட்டி உருவுங்கள். பேஸில் ஆக்ஸில் இருந்த பள்ளத்தில் பித்தளைக் குழாயை வைத்து, ரிம்மோடு வரும் கம்பியை அதற்குள் செருகுங்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து பக்கவாட்டில் 0.3 மி.மீ. ஆட்டம் இருந்தால் போதும். தாழ்த்த நினைத்தால் பள்ளத்தை உருண்டை ஊசி அரத்தால் ஆழமாக்குங்கள். ஒரு விஷயம்: 0.5 மி.மீ. என்பது நிஜக் காரில் 32 மி.மீ. நான்கைந்து இழுப்பு இழுத்துவிட்டு பாடியைப் பொருத்திப் பாருங்கள். டயர் இடிப்பது பெரும்பாலும் ஃபெண்டரில் இல்லை, உள்ளே இன்டீரியர் தொட்டியின் ஓரத்தில். அதைச் சீவினால் போதும். கண்ணாடித் தட்டின் மேல் நாலு சக்கரமும் தொடுவதைப் பார்த்தபின்தான் குழாய்க்கு எபாக்ஸி.

புதுத்தகரம்:
மிக்க நன்றி. டேப் உள்ளே முறிந்தேவிட்டால் எடுக்க வழி உண்டா? டீகல் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

ரிவெட்மணி:
எடுக்க முடியாதுங்க. டேப் ஸ்டீலு, சுத்தி இருக்கிறது அதைவிட மெத்துனு இருக்கிற துத்தநாகம். ட்ரில் போட்டா பிட் பக்கவாட்டுல ஓடிடும். வெளியே நீட்டிட்டு இருக்கிறதை ராவிட்டு, அந்தப் போஸ்ட்டை எபாக்ஸியால ஒட்டுங்க. இன்னொரு போஸ்ட்ல ஸ்க்ரூ இருந்தாலே பிடிக்கும்.

வண்ணக்குழல்:
இங்க்ஜெட்டில் வெள்ளை மையே கிடையாது; தாளில் வெள்ளையாக விடும் இடம் டீகலில் கண்ணாடியாக வரும். வெள்ளை டீகல் தாளில் எழுத்தைச் சுற்றி நீலம் அடித்து எடுப்பார்கள், அந்த நீலமும் காரின் நீலமும் ஒருநாளும் ஒத்துப்போகாது. வெள்ளை அச்சோடு வரும் ரெடிமேட் ஷீட் வாங்குங்கள். எந்த ஆண்டுக் கார் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். அந்தக் கார் 1990 முதல் 1993 வரை ஓடியது, ஸ்பான்சர் ஸ்டிக்கர் எல்லா ஆண்டும் ஒன்றல்ல. கறுப்பு எழுத்து மட்டும் இங்க்ஜெட்டில் எடுக்கலாம், ஆனால் தண்ணீரில் போடும் முன் ஷீட்டுக்கு இரண்டு மெல்லிய கிளியர் கோட் இல்லையென்றால் மை ஓடிவிடும்.

ஒட்டும் பரப்பு பளபளப்பாக இருக்கவேண்டும். மேட் பரப்பில் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மினுங்கும். எழுத்தின் ஓரத்தை ஒட்டி வெட்டி, 15–20 விநாடி நீரில் நனைத்து, டிஷ்யூ மேல் வைத்துத் தானாக நழுவும்வரை பொறுங்கள். அடியில் மைக்ரோ செட் (டீகலை ஒட்டவைக்கும் திரவம்), இடம் சரியானபின் மேலே மைக்ரோ சால் (டீகலை மென்மையாக்கும் திரவம்). மைக்ரோ சால் பட்டதும் டீகல் சுருங்கிக் குமிழியிடும், பயந்து தொட்டுவிடாதீர்கள். காய்ந்தால் கதவுக் கோட்டுக்குள் படிந்துவிடும். மறுநாளும் குமிழி நின்றால் ஊசியால் குத்தி இன்னொரு சொட்டு.

கடைசிக் கிளியர் லாக்கர் என்றால் முதல் இரண்டு கோட் தூவல்தான். ஈரமாக அடித்தால் டீகலைக் கடித்து எழுத்து சுருளும். கண்ணாடியை ஒட்ட சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி உள்பக்கம் வெண்படலம் போடும். வெள்ளைப் பசை போதும்.

செல்ஃப்காரன்:
இன்னொன்று, ரப்பர் டயர் காரை பாலிஸ்டைரீன் டிஸ்ப்ளே பெட்டியில் அப்படியே நிறுத்தாதீர்கள். டயரை மென்மையாக்கச் சேர்த்த பொருள் கசிந்து, மாதக்கணக்கில் அடித்தட்டு உருகிக் குழிவிழும், டயரும் ஒட்டிக்கொள்ளும். அடியில் ஒரு காகிதத் துண்டு வையுங்கள், அல்லது பேஸில் போட்ட ஸ்க்ரூவையே நீளமாக்கி, காரை டயர் தொடாமல் பெட்டியோடு முடுக்கிவிடுங்கள்.