இடிந்த பாரக்கை ஒரு பட்டாளத்துக்காரர் வரைந்த படம்: எந்த ஆண்டு?

கிராணி பேரன், சுங்கைப்பட்டாணி, மலேசியா:
தோட்டத்தில் கிராணியாக (கணக்கு எழுத்தராக) இருந்த என் தாத்தாவின் தகரப் பெட்டியில், செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவு) தாளின் பின்புறம் பென்சிலால் வரைந்த படம் ஒன்று கிடைத்தது. ஓடுகள் சரிந்து கைமரங்கள் வெளியே தெரிய, ஒரு சுவர் மட்டும் நிற்கும் இராணுவ பாரக் அது. சுவரடியில் முழங்கால் உயரத்துக்கு லாலான் புல். தாளில் மடிப்பே இல்லை. நிதானமாக நிழல் தீட்டியிருக்கிறார். 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் எங்கள் ஊர் விமானத் தளத்தில் குண்டு வீசியபோது இடிந்தது என்றும், அப்போதே ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் வரைந்து கொடுத்தார் என்றும் பாட்டி சொல்லுவார். அது சரிதானா? ஓரம் உதிர்வதால் லேமினேட் செய்யலாமா?

லாலான்காடு:
ஐயா, லாலான்தான் இங்கே சாட்சி. குண்டு விழுந்த சில நாளிலேயே, ஜித்ரா போருக்குப் பின், பிரிட்டிஷ் படை நம் கெடா மாநிலத்தை விட்டுப் பின்வாங்கியது. இடிபாட்டில் அவ்வளவு புல் வளர அந்த நாட்கள் போதா. ஜப்பானியர் காலத்தில் சிப்பாய் அமர்ந்து வரைவதும் எளிதன்று. சிங்கப்பூர் சாங்கியில் கைதியாகி, ஜப்பானியர் கைதிகளையும் தோட்டத் தொழிலாளர்களையும் கொண்டு போட்ட சயாம் (தாய்லாந்து) மரண ரயில் பாதைக்கும் அனுப்பப்பட்ட ஆங்கிலேய ஓவியர் ரோனால்ட் செர்ல், காலரா நோயாளிகளின் படுக்கைக்கடியில் ஒளித்துத்தான் தம் படங்களைக் காப்பாற்றினார். அவற்றில் ஏறத்தாழ 300 இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன. உங்கள் படம் 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பிய பிறகு வரைந்தது என்றே கருதுகிறேன். பாட்டி பொய் சொல்லவில்லை. கட்டடம் இடிந்த நாளும் படம் வரைந்த நாளும் நினைவில் ஒன்றாகியிருக்கும். மறுபக்கத்தில் மாதம் எழுதியிருக்கிறதா?

பழந்தாள்:
தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளைக் கிழிக்காமல் திரும்ப எடுக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம். பென்சில் எளிதில் வெளுக்காது, ஆனால் விரல் பட்டால் கலையும். அமிலமற்ற தாளுக்கிடையில் தட்டையாக வையுங்கள். உதிரும் ஓரத்தை அர்கிப் நெகாராவில் (தேசிய ஆவணக் காப்பகத்தில்) காட்டி ஆலோசனை கேட்பது நல்லது.

கிராணி பேரன்:
இருவருக்கும் நன்றி. மறுபக்கம் 1946 மார்ச் மாதக் கணக்கு, தாத்தாவின் கையெழுத்தில் இருக்கிறது. கணக்கு முடிந்த தாளைத்தான் வரைந்த சிப்பாய்க்குக் கொடுத்திருப்பார். மூன்று பெயர்களுக்கு எதிரே வேறெதுவும் இன்றி ‘சயாம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கம் மறைந்துவிடக் கூடாது என்பதால், படத்தை அட்டையில் ஒட்டிச் சட்டம் போடும் எண்ணத்தையும் விட்டுவிட்டேன்.