அலெகெனி நீதிமன்றத்தின் தாழ்வாசலை வைத்தவர் யார்?

கல்தச்சன்: அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள அலெகெனி கவுண்டி நீதிமன்றத்துக்குள் எவரும் தலைகுனிந்தே நுழைய வேண்டும் என்று கருதித்தான் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட்சன் வாசலைத் தாழ்வாக அமைத்தார் என மாடவிளக்கு எழுதியிருப்பது எரிச்சலூட்டுகிறது. அந்த வாசல் அவர் வைத்ததே அல்ல. 1888-இல் கட்டடம் முடிந்தபோது மக்கள் நுழைந்தது மேலே தெரியும் பெரிய வளைவுகளின் வழியாக. 1913 வாக்கில் கிராண்ட் தெருவின் மேட்டை வெட்டித் தாழ்த்தியதால்தான் தரைக்குக் கீழிருந்த தளம் தெருமட்டத்துக்கு வந்து, அதன் கதவே இந்தத் தாழ்வாசலானது.

மாடவிளக்கு: நான் அந்த வாசலில் நுழைந்தவன், ஐயா. தாழ்ந்த கூடத்தைக் கடந்து, வளைவுக்குமேல் வளைவாக எழும் கல் படிக்கட்டில் கால் வைக்கும்போது உள்ளம் ஒடுங்குகிறது. இது தற்செயலாக நேருமா?

கல்தச்சன்: உங்கள் உள்ளம் ஒடுங்கியது வரலாற்றுச் சான்றாகாது. தெரு தாழ்ந்தபின் மேல்வாசலுக்கு ஏற வெளியே படிக்கட்டு கட்டினார்கள். தெருவை அகலப்படுத்துவதற்காக 1920-களில் அதையும் இடித்தார்கள். டொரண்டோவின் பழைய நகர்மன்றத்தில் இந்தக் கட்டடத்தின் சாயல் உண்டு என்று நான் முன்பு எழுதியபோதும் நீங்கள் இப்படித்தான் மறுத்தீர்கள். அதை நான் மறக்கவில்லை.

பொன்னி: ரிச்சர்ட்சன் 1886-இலேயே, 47 வயதில், இறந்துவிட்டார். மீதி வேலையை முடித்த ஷெப்லி, ரூட்டன், கூலிட்ஜ் ஆகியோரின் பெயரை இருவருமே சொல்லவில்லை. நீதிமன்றத்திலிருந்து முன்பு சிறைச்சாலையாக இருந்த கட்டடத்துக்குப் போகும் பாலமும், கைதிகள் சிறைக்குக் கடந்துபோன வெனிஸின் பெருமூச்சுப் பாலத்தைப் பார்த்துச் செய்ததுதானே?

கல்தச்சன்: அம்மா, அவர்கள் நிறைவேற்றியது அவருடைய திட்டத்தை. வெனிஸ் பாலம் இழைத்த வெள்ளைக் கல். இங்கே இருப்பதோ முகத்தைப் பொளிந்து வழவழப்பாக்காமல் விட்ட கருங்கல். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பவர்கள் கல்லைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் இங்கே கேள்வி பாலம் அல்ல, வாசல். அது அவர் வைத்தது அல்ல.

பொன்னி: கல் வேறானால் வடிவமும் வேறாகிவிடுமா? இதையும் பெருமூச்சுப் பாலம் என்று அழைப்பது நானல்ல, பிட்ஸ்பர்க்வாசிகள்.

மாடவிளக்கு: 1882-இல் முந்தைய நீதிமன்றம் எரிந்த அதே மேட்டில் கட்ட வந்தவர், அந்த மேடு ஒருநாள் வெட்டப்படும் என்று எண்ணியிருக்க மாட்டாரா? கீழ்வாசலையும் மனத்தில் வைத்தே அவர் வரைந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கல்தச்சன்: எண்ணியிருந்தால் மேல்வாசலை ஏன் அத்தனை பெரிதாக வைத்தார்? அதற்கு விடை சொல்லுங்கள். தாழ்வாசல் ரிச்சர்ட்சன் வைத்தது அல்ல. எத்தனை முறை கேட்டாலும் இதையே எழுதுவேன்.

மாடவிளக்கு: எழுதுங்கள். அடுத்த முறையும் நான் அந்த வாசலில் ரிச்சர்ட்சனை நினைத்தே நுழைவேன்.