ஐடில் டாஸ்க் 98 சதவீதம் என்று காட்டினால் நம்பலாமா?

நிரல்வாசி:
168 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஸ்டிஎம்32எஃப்407 சில்லில், ஃப்ரீஆர்டிஓஎஸ் (சிறு சில்லுகளுக்கான நிகழ்நேர இயக்கமுறைமை) வைத்து ஒரு மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகை செய்து வருகிறோம். மில்லிவினாடிக்கு ஒரு டிக், அதாவது இயக்கமுறைமையின் நேரத் துடிப்பு. ஒவ்வொரு டிக்கிலும் விழித்தெழும் கட்டுப்பாட்டு டாஸ்க் (தனியே ஓடும் நிரல் பகுதி) ஒன்று, சீரியல் செய்திகளைப் படிக்கும் டாஸ்க் ஒன்று, திரைக்கு ஒன்று. இயக்கநேரப் புள்ளிவிவரத்துக்குத் தனி டைமர் ஒதுக்காமல், டிக் எண்ணிக்கையையே கொடுத்திருக்கிறோம். அட்டவணையில், வேறு வேலை இல்லாதபோது ஓடும் ஐடில் டாஸ்க் 98%, கட்டுப்பாட்டு டாஸ்க் 1 சதவீதத்துக்கும் கீழே. ஆனாலும் சீரியல் செய்திகள் அவ்வப்போது தவறுகின்றன. சிபியு இவ்வளவு ஓய்வாக இருக்கும்போது இது எப்படி?

சுற்றுப்பலகை:
அந்த 98 சதவீதத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. டாஸ்க் மாறும் ஒவ்வொரு முறையும் கெர்னல் (இயக்கமுறைமையின் மையப்பகுதி) நீங்கள் கொடுத்த கவுண்டரைப் படித்து, முந்தைய வாசிப்போடு உள்ள வித்தியாசத்தை வெளியேறும் டாஸ்க்கின் கணக்கில் சேர்க்கிறது. உங்கள் கட்டுப்பாட்டு டாஸ்க் டிக் வந்ததும் தொடங்கி 300 மைக்ரோவினாடியில் முடிந்தால், தொடக்கத்திலும் முடிவிலும் டிக் எண் ஒன்றே, வித்தியாசம் சுழியம். அடுத்த டிக் வரும்போது ஓடிக்கொண்டிருப்பது ஐடில் என்பதால், முழு மில்லிவினாடியும் அதன் கணக்கில் விழுகிறது. உண்மையில் 30% உண்ணும் டாஸ்க், அட்டவணையில் உபவாசம் இருப்பதாகத் தெரியும். டிக்கைவிட 10 முதல் 100 மடங்கு வேகமான டைமர் வேண்டும் என்று ஃப்ரீஆர்டிஓஎஸ் ஆவணம் சொல்வது இதற்காகத்தான். உங்கள் சில்லில் உள்ள கார்டெக்ஸ் எம்4 செயலியில், கடிகாரத் துடிப்புகளை எண்ணும் சைக்கிள் கவுண்டர் உள்ளேயே இருக்கிறது, அதைக் கொடுங்கள்.

பொறிவலை:
சைக்கிள் கவுண்டர் 32 பிட். 168 மெகாஹெர்ட்ஸில் சுமார் 25.6 வினாடிக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். அதன்பின் மொத்த நேரம் சிறிதாகிவிட, டாஸ்க் கணக்குகள் மட்டும் பெரிதாகவே நிற்க, அட்டவணை 300%, 400% என்று உளறும். டிக்கைவிட வேகமானது என்பது மட்டும் போதாது, நண்பரே. மேலும், சில்லு உறக்கத்துக்குப் போகும்போது பல சில்லுகளில் அந்தக் கவுண்டரும் நின்றுவிடும். அப்போது ஐடில் நேரம் குறைவாகவும் மற்றவை கூடுதலாகவும் தெரியும். ஐடில் ஹூக்கில் (ஐடில் டாஸ்க் திரும்பத் திரும்ப அழைக்கும் நம் நிரல்) ஒரு எண்ணியை ஏற்றிக்கொண்டே போய், வேறு வேலை இல்லாதபோது வினாடிக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதோடு ஒப்பிடும் பழைய முறையையே நான் விரும்புகிறேன். இன்டரப்ட் (வன்பொருள் இடைமறித்து ஓடவைக்கும் நிரல்) தின்னும் நேரமும் அதில் தானாகக் கழிந்துவிடும். கெர்னல் புள்ளிவிவரமோ, இன்டரப்ட் எந்த டாஸ்க்கை இடைமறித்ததோ அதன் தலையில் அந்த நேரத்தையும் கட்டிவிடுகிறது.

சுற்றுப்பலகை:
தொடக்கத்திலிருந்து கூட்டிய மொத்தத்தைப் பார்ப்பவருக்குத்தான் அந்தச் சுழற்சி தொல்லை. வினாடிக்கு ஒருமுறை எல்லா டாஸ்க்குகளின் கணக்கையும் எடுத்து, குறியில்லா எண்களாகக் கழித்தால், ஒரு சுழற்சிக்கு ஒரு டாஸ்க்கின் ஒரு துண்டு நேரம் மட்டுமே தவறும். இன்டரப்ட் பற்றிச் சொன்னது சரி; ஆனால் நுழைவிலும் வெளியேற்றத்திலும் கவுண்டரைப் படித்துத் தனியே கூட்டிக் கழிக்கலாம், ஒன்றுக்குள் ஒன்று இன்டரப்ட் வந்தால் சற்றுக் கவனம் தேவைப்படும், அவ்வளவே. உங்கள் ஐடில் எண்ணியும் உறக்கத்தில் நின்றுவிடுமே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? சிபியு நிரம்பியிருப்பதை அது சொல்லும். எந்த டாஸ்க் நிரப்பியது என்று சொல்லாது.

அலைவரி:
இருவரும் சராசரியைத் துல்லியமாக்கச் சண்டையிடுகிறீர்கள். தவறுவதோ ஒரு செய்தி. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டபோது, காரணம் சிபியு போதாமை அன்று. வானிலைத் தரவு டாஸ்க் பிடித்திருந்த பூட்டுக்காக (ஒரு நேரத்தில் ஒரே டாஸ்க் பொதுவளத்தைத் தொடவைக்கும் ஏற்பாடு) உயர் முன்னுரிமை டாஸ்க் காத்திருக்க, இடைப்பட்ட முன்னுரிமை டாஸ்க்குகள் நடுவில் ஓடின. எந்தச் சதவீதமும் அதைக் காட்டியிருக்காது. தரையிலிருந்த மாதிரிக் கலத்தில் நிகழ்வுப் பதிவை ஓடவிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள். நிரல்வாசி செய்ய வேண்டியது எளிது: டாஸ்க் மாறும்போது கெர்னல் அழைக்கும் டிரேஸ் மேக்ரோவில் ஒரு பின்னை ஏற்றி இறக்கி, லாஜிக் அனலைசரில் (பின்களின் ஏற்ற இறக்கத்தை நேரத்தோடு காட்டும் கருவி) பாருங்கள்.

சுற்றுப்பலகை:
சராசரியை அப்படி ஒதுக்கிவிட முடியாது. 1973-இல் லியூவும் லேலண்டும் காட்டியபடி, குறுகிய கால இடைவெளி கொண்ட டாஸ்க்குக்கு உயர் முன்னுரிமை கொடுத்தால், மொத்தச் சுமை 69.3 சதவீதத்துக்குள் இருக்கும்வரை எந்த டாஸ்க்கின் காலக்கெடுவும் தவறாது. சுமை தெரியாமல் அந்தக் கணக்கை எப்படிப் போடுவீர்கள்?

அலைவரி:
அந்தத் தேற்றத்தில் வரும் சுமை, ஒவ்வொரு டாஸ்க்கின் மிக மோசமான ஓட்டநேரத்தை வைத்துப் போட்டது. டாஸ்க்குகள் ஒன்றுக்கொன்று காத்திருக்காதவை என்ற நிபந்தனையும் உண்டு. உங்கள் அட்டவணை தருவது ஒரு வினாடியின் சராசரி. ஒவ்வொரு ஓட்டத்தின் உச்ச நேரத்தையும் சேமித்துவைத்தால் உங்கள் பக்கம் வருகிறேன்.

நிரல்வாசி:
சைக்கிள் கவுண்டரை மாற்றி வைத்துப் பார்த்தேன். கட்டுப்பாட்டு டாஸ்க் 31%, ஐடில் 60%. பின்னில் பார்த்தால், திரை டாஸ்க் சில நேரம் 9 மில்லிவினாடிவரை சீரியல் டாஸ்க்கை ஓடவிடுவதில்லை. இரண்டுக்கும் ஒரே முன்னுரிமை, ஒரே பூட்டு. சீரியல் பஃபர் அதற்குள் நிரம்பிவிடுகிறது. விற்பனைக்குப் போகும் பதிப்பிலும் இந்த அளவீட்டை வைத்திருக்கலாமா?

பொறிவலை:
எடுத்துவிடுங்கள். டாஸ்க் கணக்கைத் திரட்டும் அழைப்பு, முடியும்வரை ஷெட்யூலரை (அடுத்து ஓடும் டாஸ்க்கைத் தேர்வுசெய்வது) நிறுத்திவைக்கிறது.

சுற்றுப்பலகை:
கவுண்டரை விட்டுவையுங்கள், மாற்றத்துக்குச் சில சைக்கிள்கள்தான் செலவு. அட்டவணையை எழுத்தாக்கி அச்சிடும் அழைப்பை மட்டும் நீக்கினால் போதும்.