இரண்டாவது பாக்ஸ் வைத்தால் கூடுவது மூன்றா, ஆறா? ஒலிப்பொறியியல் பட்டம் பற்றி ஒரு விவாதம்

ரேடியோசெட்காரன்:
‘அலைநீளம்’ என்ற பெயரில் எழுதுபவர், ஒலிப்பொறியியலைப் பட்டப்படிப்பாகப் படிக்காத எவரும் தம்மை சவுண்ட் இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று நேற்று எழுதியிருந்தார். அதற்கு அவர் காட்டிய சான்று இது: “ஒரு பாக்ஸ் (ஸ்பீக்கர் பெட்டி) பாடிக்கொண்டிருக்கும்போது அதே போன்ற இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தால் ஆறு டெசிபல் கூடும் என்பதுகூட மைக் செட்காரர்களுக்குத் தெரியாது.” அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

விருதுநகர் வட்டாரத்தில் 31 ஆண்டுகளாக ரேடியோ செட் நடத்துகிறேன். மரத்தில் கூம்புக் குழாய் கட்டிய காலத்தையும் பார்த்தவன், இன்று கிரேன் வைத்து லைன் அரே (ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடும் ஸ்பீக்கர் அடுக்கு) தூக்குவதையும் செய்பவன். கூடுவது மூன்று டெசிபல். ஆறு அல்ல. மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, திடலின் நடுவில் நின்று பார்த்துச் சொல்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு தனியார் கல்லூரியில் இதே படிப்பில் பட்டம் வாங்கிய தம்பி ஒருவரை வேலைக்குச் சேர்த்தேன். கோயில் கொடைவிழா தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மேடையில் ‘ம்ம்ம்’ என்று ஹம் வந்தது. எர்த் எங்கே விட்டுப்போயிற்று என்று தேடாமல், அவர் மிக்ஸரில் 50 ஹெர்ட்ஸைக் குறைத்துக்கொண்டிருந்தார். ஹம் போகவில்லை, தவிலின் அடிக்கனம்தான் போயிற்று. பல லட்சம் கட்டிப் படித்த படிப்பு அது. இதை வைத்துக்கொண்டு எங்களுக்கு ஆறு என்று பாடம் சொல்ல வருகிறார்கள்.

அலைநீளம்:
ஐயா, ஆறு என்பது என் சொந்தக் கருத்து அல்ல. ஒரே சிக்னல் இரண்டு ஒரே மாதிரியான ஸ்பீக்கர்களிலிருந்து ஒரே நேரத்தில் வந்து சேரும்போது ஒலியழுத்தம் இருமடங்காகிறது. டெசிபலாக மாற்ற, அழுத்த விகிதத்தின் லாக்கை (மடக்கையை) 20 ஆல் பெருக்க வேண்டும். 2-இன் லாக் 0.301, அதை 20 ஆல் பெருக்கினால் 6.02. இது முதலாண்டு முதல் பருவத்தில் கரும்பலகையில் எழுதிப் போடும் கணக்கு. ஆறுதான்.

ஹம் வந்தபோது எர்த்தைத் தேடாத தம்பியை நானும் பாராட்ட மாட்டேன். ஒருவருக்கு வேலை தெரியவில்லை என்பதால் படிப்பே வீண் என்று ஆகிவிடாது. ஜெர்மனியின் டெட்மோல்ட் நகரில் எரிக் தீன்ஹவுஸ் 1949-இல் தொடங்கிய டோன்மைஸ்டர் படிப்பின் அடிப்படையே, ஒலிப்பதிவு செய்பவருக்கு இசையும் இயற்பியலும் ஒருசேரத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான். இங்கிலாந்தில் சர்ரே பல்கலைக்கழகம் அதே வழியில் 1970 முதல் பட்டம் தருகிறது. ஸ்வரக்குறிப்பைப் படிக்கவும் தெரிந்து, மின்சுற்றை வரையவும் தெரிந்தவர்களை உருவாக்கும் படிப்பு அது. இதை நான்கு ஆண்டில் முடிப்பதே கடினம். தொழிலில் இருந்துகொண்டே தானாக வந்துவிடும் என்பதை என்னால் ஏற்க முடியாது.

ரேடியோசெட்காரன்:
டெட்மோல்டுக்கு நான் போனதில்லை. அங்கே ஆடித் திருவிழாவும் நடப்பதில்லை. 500 வாட் ஆம்ப்ளிஃபயரை எடுத்துவிட்டு 1000 வாட் வைத்தால் கூடுவது எத்தனை? மூன்று. சக்தி இரட்டித்தால் மூன்று என்று உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. இரண்டாவது பாக்ஸும் அதற்கொரு ஆம்ப்ளிஃபயரும் வைக்கும்போது நான் செய்வது சக்தியை இரட்டிப்பதுதான். எனவே மூன்று. நீங்கள் 20 போட்ட இடத்தில் நான் 10 போடுகிறேன். மீட்டர் என் பக்கம் நிற்கிறது.

கோடம்பாக்கத்தான்:
ரேடியோசெட் அண்ணன் சொல்வதே சரி. நான் 19 வயதில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் கேபிள் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தவன். இன்று மிக்ஸிங் செய்கிறேன். மோனோ சிக்னலை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வைக்கும்போது பல மிக்ஸர்களில் ஒவ்வொரு பக்கமும் மூன்று டெசிபல் தானாகவே குறையும். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்தால் மூன்று கூடுகிறது என்பதால்தான் அந்த மூன்றைக் கழிக்கிறார்கள். இதை எனக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லித் தரவில்லை. என்னுடைய சீனியர் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார், இன்றுவரை மறக்கவில்லை.

அலைநீளம்:
அதே மிக்ஸர்களில் ஆறு குறைப்பவையும், இடைப்பட்டு நான்கரை குறைப்பவையும் இருக்கின்றனவே, அவை ஏன் என்று உங்கள் சீனியர் சொன்னாரா? பாதியைக் கேட்டுவிட்டு முழுதாகத் தெரியும் என்று நம்புவதைத்தான் நான் குறை சொல்கிறேன். தேநீர்க் கடையில் கிடைக்கும் அறிவு யார் சொன்னாரோ அவரோடு நின்றுவிடும்.

நம் நாட்டுக்கே வருகிறேன். ரசூல் பூக்குட்டி 2009-இல் ஒலிக்கலவைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். அவர் இயற்பியல் படித்துவிட்டு, புணே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவை முறையாகக் கற்றவர். படிப்பு வேண்டாம் என்பவர்கள் அவருக்கு என்ன பதில் சொல்வார்கள்?

கோடம்பாக்கத்தான்:
பதில் இருக்கிறது. அவர் படித்தபோது புணேயில் கொடுத்தது பட்டயம் (டிப்ளமோ), பட்டம் அல்ல. நீங்கள் பட்டத்துக்காக வாதாட வந்து, பட்டயம் வாங்கியவரைச் சாட்சிக்கு அழைக்கிறீர்கள். தேநீர்க் கடையைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் மறக்கப் போவதில்லை. என் சீனியரின் பெயர் படங்களின் டைட்டில் அட்டையில் வந்திருக்கிறது. உங்கள் பெயர் எந்தப் படத்தில் வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க விருப்பமும் இல்லை.

அலைநீளம்:
பட்டப்படிப்பை முடித்தவர்கள்தான் அந்த முதுநிலைப் பட்டயத்தில் சேரவே முடிந்தது. பட்டம் இல்லாமல் அந்தப் படிப்பின் வாசலுக்குள் நுழைய இயலவில்லை. டைட்டில் அட்டையில் என் பெயர் இரண்டு முறை வந்திருக்கிறது. உதவியாளர் வரிசையில் வந்தது, அதனால் என்ன?

மகளின்தந்தை:
இடையில் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதப் பிரிவில் படிக்கிறாள். வீட்டில் யார் பாடினாலும் சுருதி விலகுவதைச் சொல்லிவிடுவாள். ஒலிப்பதிவு படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரிலுள்ள அரசு திரைப்பட நிறுவனத்தில் நான்காண்டுப் பட்டமாக ஒலிப்பதிவு இருக்கிறது. தனியார் கல்லூரிகளிலும் இருக்கிறது, ஆனால் கட்டணம் பல மடங்கு. தரமணியில் இடங்கள் மிகக் குறைவு என்கிறார்கள். இடம் கிடைக்காவிட்டால் கடன் வாங்கித் தனியாரில் சேர்க்கலாமா, அல்லது இயற்பியல் இளநிலை படிக்க வைத்துவிட்டுப் பிறகு புணே அல்லது கொல்கத்தா திரைப்படக் கல்லூரிக்கு அனுப்பலாமா? தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ரேடியோசெட்காரன்:
மகளை முதலில் ஒரு கோடை விடுமுறைக்கு எந்த ரேடியோ செட்டுக்காவது அனுப்புங்கள் ஐயா. கேபிளில் எந்த முனை அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கட்டும். மைக் ஊளையிடும்போது எந்த அதிர்வெண் ஊளையிடுகிறது என்று காதாலேயே சொல்லட்டும். அதன் பிறகு எங்கே வேண்டுமானாலும் சேருங்கள். ஆனால் இரண்டாவது பாக்ஸுக்கு ஆறு டெசிபல் என்று சொல்லித்தரும் இடத்தில் மட்டும் பணத்தைக் கட்டாதீர்கள்.

வகுப்பறைஏழு:
நான் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவன். ஒருவர் அழுத்தத்தை இரட்டிக்கிறார், மற்றவர் சக்தியை இரட்டிக்கிறார். இருவரும் பேசுவது ஒன்றையே அல்ல. அதைவிட முக்கியமான ஒன்றை இருவரும் விட்டுவிட்டீர்கள். கேட்பவருக்குச் சத்தம் இருமடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து டெசிபல் கூட வேண்டும். மனிதக் காதைப் பொறுத்தவரை மூன்றும் வேலைக்கு ஆகாது, ஆறும் வேலைக்கு ஆகாது. பத்துதான் சரியான எண்.

ரேடியோசெட்காரன்:
வாத்தியார் ஐயா, பத்தை நாங்கள் கேட்கவில்லை. ஒரு பாக்ஸ் இருந்த இடத்தில் இன்னொன்று வைத்தால் எத்தனை என்பதுதான் கேள்வி. மூன்று.

அலைநீளம்:
ஆறு. ஆசிரியர் சொல்வது மனம் உணரும் அளவு. நாங்கள் பேசுவது மீட்டர் காட்டும் அளவு.

வகுப்பறைஏழு:
மீட்டரா டிக்கெட் வாங்கிக்கொண்டு கச்சேரி கேட்க வருகிறது? கேட்பவர் காதை விட்டுவிட்டு நடத்தும் ஒலிப்பொறியியல் எனக்குப் புரியவில்லை.

அலைநீளம்:
காதைப் பற்றிச் சொன்னதால் சொல்கிறேன். பட்டப்படிப்பில் செவிப்பாதுகாப்பு ஒரு தனிப் பாடம். அமெரிக்காவின் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. 88 ஆனால் 4 மணி நேரம், 91 ஆனால் 2 மணி நேரம். விழா முழுவதும் பாக்ஸின் வாயருகே நிற்கும் எத்தனை மைக் செட்காரர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்? தெரியாமல்தான் ஐம்பது வயதிலேயே மேல்ஸ்தாயி கேட்காமல் போகிறது. கேட்காத அந்த மேல்ஸ்தாயியை மிக்ஸரில் மேலும் மேலும் ஏற்றி, ஊரார் காதையும் கெடுக்கிறார்கள்.

ரேடியோசெட்காரன்:
நீங்களே எழுதிவிட்டீர்கள். 85, 88, 91. ஒவ்வொரு படிக்கும் மூன்று. மூன்று கூடினால் காதுக்குப் போகும் சுமை இரட்டிக்கிறது, ஆகவே நேரம் பாதி. இரட்டிப்பு என்றால் மூன்று என்பதை உங்கள் கையாலேயே எழுதிவிட்டு ஆறு என்று இன்னும் நிற்கிறீர்கள்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் 58 வயதில் முழுச் செவிடாகிப் போனார். கடைசி நாட்களில் ஸ்பீக்கரின் மீது உள்ளங்கையை வைத்துத்தான் பாட்டு ஓடுகிறதா என்று பார்ப்பார். பேப்பர் கோன் கிழிந்திருந்தால் அந்த உள்ளங்கையாலேயே சொல்லிவிடுவார். உங்கள் பாடத்தைப் படித்திருந்தால் அவர் காது தப்பியிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரைப் போன்றவர்களைப் பற்றி, ஊரார் காதைக் கெடுத்தவர்கள் என்று எழுதும் உரிமையை உங்களுக்கு எந்தப் பட்டமும் கொடுக்கவில்லை.

அலைநீளம்:
உங்கள் ஆசானைப் பற்றி நான் எழுதவில்லை. அவரை எனக்குத் தெரியவே தெரியாது. பொதுவாக நடப்பதை எழுதினேன், அதை அழிக்க மாட்டேன். அவருக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்றால் அந்தப் பாடத்தை யாராவது எங்காவது முறையாகச் சொல்லித்தர வேண்டும் அல்லவா? அதற்குத்தான் கல்லூரி.

நேரக் கணக்கில் வரும் மூன்று ஆற்றலின் கணக்கு. இரண்டு பாக்ஸ் சேர்வது அழுத்தத்தின் கணக்கு. ஆறு.

கோடம்பாக்கத்தான்:
ஆற்றலுக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று என்று வசதிக்கேற்ப மாற்றிக்கொள்வதைத்தான் நான்கு ஆண்டுகள் சொல்லித் தருகிறார்கள் போலிருக்கிறது. பட்டயத்தைப் பற்றி நான் கேட்டதற்கும் இன்னும் நேரான பதில் வரவில்லை.

ரேடியோசெட்காரன்:
இன்னொன்றும் கேட்கிறேன். பெரிய திடலில் முன்னால் ஒரு செட்டும் 40 மீட்டர் தள்ளி இன்னொரு செட்டும் வைத்தால், பின்னால் இருப்பதற்கு டிலே (சிறு தாமதம்) கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சொல் இரண்டு முறை கேட்கும். நான் மேடையில் ஒருவரைக் கட்டையைத் தட்டச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இரண்டு சத்தமும் ஒன்றாகும் வரை டிலேயைத் திருப்புவேன். அந்தப் பட்டதாரித் தம்பி கால்குலேட்டரை எடுத்து, 40-ஐ 343-ஆல் வகுத்து, 116.6 மில்லி செகண்ட் என்று போட்டார். என் காதுக்கு அது பொருந்தவில்லை. நான் 113-க்கும் 114-க்கும் நடுவில் வைத்தேன். எது சரி?

அலைநீளம்:
நொடிக்கு 343 மீட்டர் என்பது 20 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம். உங்கள் ஊரில் மாலையில்கூட 35 டிகிரி இருக்கும். அப்போது வேகம் 352 மீட்டருக்கு வந்துவிடும். 40-ஐ 352-ஆல் வகுத்தால் 113.6 மில்லி செகண்ட். உங்கள் காது சரியாகச் சொன்னது. அந்தத் தம்பி வெப்பநிலையைச் சேர்க்க மறந்தார். சேர்க்க வேண்டும் என்பதும் படிப்பில் வருவதுதான்.

ரேடியோசெட்காரன்:
ஆக, நான் வைத்தது சரி என்று ஒத்துக்கொள்கிறீர்கள். டிலே விஷயத்தில் சரியாகக் கேட்ட அதே காதும் அதே ஆளும்தான் பாக்ஸ் விஷயத்தில் மூன்று என்கிறோம்.

அலைநீளம்:
டிலேயில் நீங்கள் சரி. பாக்ஸில் தவறு. திடலின் நடுவில் நடந்துகொண்டே பார்க்கிறீர்கள். இரண்டு பாக்ஸும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில் இருப்பதில்லை. இரண்டுக்கும் சம தூரத்தில், திறந்த வெளியில், ஒரே சிக்னலைக் கொடுத்து மீட்டரை வைத்துப் பாருங்கள்.

மகளின்தந்தை:
கடன் வாங்கிச் சேர்ப்பது பற்றி நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. விண்ணப்பக் கடைசி நாள் நெருங்குகிறது.

வகுப்பறைஏழு:
இயற்பியல் இளநிலையில் சேருங்கள். மூன்றாண்டு கழித்து எந்தப் பக்கமும் போகலாம். இங்கே நடப்பதைப் பார்த்தால் அந்தப் படிப்பு இல்லாததுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் என்று தெரிகிறது. என் பத்துக்கும் இன்னும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

ரேடியோசெட்காரன்:
பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மன் கோயில் திடலில் செட் போடுகிறேன். அலைநீளம் அம்மா நேரில் வரட்டும். உங்கள் மீட்டரையும் கொண்டு வாருங்கள். ஆனால் இரண்டு பாக்ஸுக்கும் சம தூரத்தில் கோடு போட்டு அங்கே வைக்கச் சொன்னால் வைக்க மாட்டேன். மக்கள் பாய் விரித்து உட்காரும் இடத்தில்தான் மீட்டரை வைப்பேன், ஏனென்றால் பாட்டு அவர்களுக்குத்தான். அங்கே மூன்று.

அலைநீளம்:
வருகிறேன். அளவுநாடாவையும் கொண்டு வருகிறேன். கோட்டில் வைத்தால்தான் அது அளவீடு. ஆறு.