பால்கனி உர வாளியில் நாற்றமும் புழுவும்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சென்னையில் இரண்டாவது மாடி வாடகை வீடு, நாங்கள் நான்கு பேர். வீட்டால் வெளியாகும் கார்பனைக் குறைத்தே ஆக வேண்டும் என்று இந்த வருஷம் இறங்கியிருக்கிறோம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நம் நாட்டில் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அதனால் 75 வாட் இழுத்த பழைய ஃபேன்கள் இரண்டை எடுத்துவிட்டு, 30 வாட் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் போட்டோம். ஏசியை 26-இல் வைத்து ஃபேனையும் ஓட விடுகிறோம். பருப்பை ஊற வைத்த பிறகுதான் குக்கரில் ஏற்றுகிறோம். இதுவரை சரி.

சிக்கல் காய்கறிக் கழிவில்தான். குப்பை மேட்டில் காற்றுப் புகாமல் அழுகினால் மீத்தேன் வரும். அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதற்காகவே பால்கனியில், ஓட்டை போட்ட பெயிண்ட் வாளியில் கழிவைப் போட்டு உரம் தயாரிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தால் அடியில் கறுப்புத் தண்ணீர். தர்பூசணித் தோல் கூழாகி, அதில் வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. புளித்த நாற்றம் வேறு. ஒவ்வொரு முறையும் ஒரு கைப்பிடி தேங்காய் நார்த்தூள் போட்டும் இப்படி. கீழ்வீட்டு அக்கா எதுவும் சொல்லவில்லை, ஆனால் இப்போது ஜன்னலைத் திறப்பதில்லை. அதுதான் உறுத்துகிறது.

நார்த்தூளைக் கூட்டவா, காய்ந்த இலையே போதுமா? புளித்த மோர் ஊற்றலாமா? புழுவை அப்படியே விட்டுவிடலாமா? மாடி வீட்டில் செய்து பழகியவர்கள் சொல்லுங்கள். வாளியை ஓரங்கட்ட மனசு வரவில்லை.