ஸ்ட்ராங் ப்ளூன்னா கழிவுக் கல்லா? யார் சொன்னது?

பட்டறைக்காரன்:
வைரத்தோட வர்ற லேப் தாளை, அதாவது தரப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கிறது எப்படின்னு போன வாரம் ஓடின திரியில சூரத் ரிட்டர்ன் எழுதினதை மாத்தாம இங்கே ஒட்டறேன்: "ஃப்ளூரசன்ஸ்னு போட்ட இடத்துல ஸ்ட்ராங் ப்ளூன்னு இருந்தா கழிவுக் கல். மத்த வரியைப் படிக்கவே வேண்டாம், திருப்பிக் கொடுத்துடுங்க." இதை நம்பி நாலு பேர் நல்ல கல்லைத் திருப்பப் போறாங்க. அதான் வயித்தெரிச்சல்.

ஃப்ளூரசன்ஸ்ங்கிறது புற ஊதா வெளிச்சத்துல கல் ஒளிர்றது. அது கிரேடே கிடையாது. கலர், க்ளாரிட்டி (உள்ளே எவ்வளவு சுத்தம்), கட் (பட்டை தீட்டின விதம்), காரட் (எடை) நாலுலதான் தரம் நிக்குது. ஃப்ளூரசன்ஸ் வெறும் அங்க அடையாளம், ஸ்கூல் டி.சி.ல மச்சம் எழுதற மாதிரி. லேப்ல நீள அலை புற ஊதா விளக்குல காட்டி நன், ஃபெய்ன்ட், மீடியம், ஸ்ட்ராங், வெரி ஸ்ட்ராங்னு அஞ்சு படியில ஒண்ணைப் போடுவாங்க. நீலமா ஒளிர்றதுக்குக் காரணம் பழுது இல்ல. கல்லுக்குள்ள மூணு நைட்ரஜன் அணு ஒரு காலி இடத்தைச் சுத்தி உக்காந்திருக்கு, அவ்வளவுதான். வைரத்துக்குத் தரம் போடற அமெரிக்க லேப் ஜி.ஐ.ஏ.க்கு வர்ற கல்லுல 25லிருந்து 35 சதவீதம் ஏதோ ஒரு அளவுல ஒளிரும். மூணுல ஒண்ணைத் தூக்கி எறியச் சொல்றீங்களா?

சூரத் ரிட்டர்ன்:
சேதாரத்தைப் பத்தின பழைய திரியில வாதத்துல பட்ட அடி இன்னும் ஆறல போல இருக்கு, அண்ணனுக்கு.

25, 35 எல்லாம் அஞ்சுல நாலு படியையும் கூட்டின கணக்கு. ஃபெய்ன்ட்டையும் மீடியத்தையும் நான் தொட்டேனா? ஸ்ட்ராங்னு எழுதினேன். என் ரெண்டு வரியையே சரியாப் படிக்காதவர் சர்ட்டிஃபிகேட் படிக்கச் சொல்லித் தர்றார்.

அப்புறம், கிரேடே இல்லையாமே? தாளை எடுத்துப் பாருங்க. பாலிஷ், சிமெட்ரி, ஃப்ளூரசன்ஸ் மூணும் ஒரே தலைப்புக்குக் கீழ வரும். தலைப்பு என்ன தெரியுமா? "அடிஷனல் கிரேடிங் இன்ஃபர்மேஷன்". கிரேடிங்! நான் அச்சடிக்கல, ஜி.ஐ.ஏ. அச்சடிச்சது.

மும்பை பாரத் டைமண்ட் போர்ஸ்ல, அதான் வைரச் சந்தையில, எஃப் கலர் (டி-யில தொடங்கி எழுத்து தள்ளத் தள்ள மஞ்சள் கூடும்), வி.எஸ்.1 க்ளாரிட்டி (ரொம்பச் சின்னக் குறை) கல் ரெண்டு கேளுங்க, ஒண்ணு நன், ஒண்ணு ஸ்ட்ராங் ப்ளூ. மத்த எல்லா வரியும் ஒண்ணா இருக்கட்டும். ஒரே விலைக்கு வாங்கிட்டு வாங்க பார்ப்போம். டி, ஈ, எஃப்ல ஸ்ட்ராங்னு சொன்னதுமே தரகன் கழிச்சுத்தான் கேப்பான். சந்தை கழிக்குது, அது கழிவு.

எடைத்தட்டு:
ஒரு சின்னத் திருத்தம். அது சர்ட்டிஃபிகேட் இல்ல, ரிப்போர்ட். ஜி.ஐ.ஏ. கல்லுக்கு உத்தரவாதமும் தராது, விலையும் போடாது. பார்த்ததை எழுதிக் கொடுக்கும்.

மூக்குத்தி மாமி:
ரிப்போர்ட்டோ சர்ட்டிஃபிகேட்டோ, நான் வாங்கப் போற ஏழு கல் வைரத் தோட்டைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கலையே! இங்கே கடைல நீலம் அடிச்சாத்தான் ப்ளூ ஜாகர்னு சொல்லிக் கூடுதலாக் கேக்கறா. பம்பாயில கழிவு, தி.நகர்ல கிரீடமா? யாராவது பதில் சொல்லுங்கோ.

பட்டறைக்காரன்:
மாமி, சரியான கேள்வி. இதுலயே சூரத் தம்பியோட "சந்தை" படுத்துடுச்சு பாருங்க. எந்தச் சந்தை?

ஜாகர்ங்கிறது தென்னாப்பிரிக்காவுல ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்துப் பேர். லேசா நீலம் தட்டின வெள்ளைக் கல்லுக்குப் பேர் போனது. 1893ல எக்ஸெல்சியர்னு 995 காரட் கல் அங்கதான் கிடைச்சுது. சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷமாச்சு, பேர் மட்டும் நம்ம ஊர்ல தங்கிடுச்சு. இன்னிக்குக் கடையில ஜாகர்னு காட்டறது நல்ல கலர்ல நீலமா ஒளிர்ற எந்தச் சுரங்கத்துக் கல்லாவும் இருக்கலாம். எந்தப் பெரிய லேபும் "ப்ளூ ஜாகர்"னு கிரேடு எழுதாது. அந்த வார்த்தை இருந்தா அது கடை அடிச்ச அட்டை. அதுக்குன்னு கூடுதல் காசு கொடுக்காதீங்க, அதைக் காரணமாச் சொல்லித் திருப்பவும் வேண்டாம்.

இப்போ ஸ்ட்ராங் ப்ளூ கல் பால் மாதிரி மங்கும்னு ஊர்ல காட்டற பூச்சாண்டிக்கு வருவோம். 1997ல ஜி.ஐ.ஏ. தன் சொந்த இதழ்ல ஆய்வு போட்டுச்சு. கல்லை முகம் மேல வெச்சுப் பார்த்தப்போ ஸ்ட்ராங் கல்லுங்க கலர் கொஞ்சம் நல்லாத்தான் தெரிஞ்சுது. சாதாரண ஜனங்களுக்கு வித்தியாசமே பிடிபடல. ஒளிர்ற கல்லுலயே மங்கலாத் தெரியறது 0.2 சதவீதத்துக்கும் குறைவு. கல் மங்கினா பெரும்பாலும் காரணம் உள்ளே இருக்கிற க்ளவுட், அதாவது ஊசிமுனைப் புள்ளிக் கூட்டம். அதைத் தாளோட அடியில கமென்ட் வரியில தேடணும். "க்ளாரிட்டி கிரேடு, படத்தில் காட்டப்படாத க்ளவுடை வைத்துப் போடப்பட்டது" அப்படிங்கிற அர்த்தத்துல ஒரு வரி இங்கிலீஷ்ல இருக்கும். எஸ்.ஐ. (வி.எஸ்.ஸுக்கு அடுத்த கீழ்ப் படி க்ளாரிட்டி) கல்லுல அந்த வரி இருந்தா உஷார். தாள்ல குறை காட்டற படத்தைப் பார்த்தா சுத்தமா இருக்கும், கல்லைப் பார்த்தா சோப்புத் தண்ணி. ஆக, கமென்ட் வரியைப் படிங்க.

சூரத் ரிட்டர்ன்:
0.2 மறுபடியும் எல்லா ஒளிர்ற கல்லையும் வகுத்த கணக்கு. ஸ்ட்ராங், வெரி ஸ்ட்ராங் மட்டும் பிரிச்சுப் போடுங்கன்னா போட மாட்டார். ரெண்டாவது தடவை இதே வித்தை.

மங்கறதை விடுங்க, கலருக்கு வாங்க. லேப் கலர் பார்க்கிற பகல்வெளிச்ச விளக்குல கொஞ்சம் புற ஊதா இருக்கு. ஸ்ட்ராங் ப்ளூ கல் அதுல நீலம் விட்டுத் தன் மஞ்சளைத் தானே மறைக்கும். தாள்ல எஃப்னு வரும். வீட்டு எல்.இ.டி. பல்புல புற ஊதா இல்லாத மாதிரிதான், அங்கே அதே கல் பல்லைக் காட்டும். எஃப் காசு கொடுத்துட்டு வீட்டுல ஹெச் பார்த்துட்டு உக்காருங்க. கழிவுன்னு நான் சொன்னது இதுக்குத்தான்.

பட்டறைக்காரன்:
போன வாரம் "கழிவுக் கல்", நேத்து "சந்தை கழிக்குது", இன்னிக்கு "பல்லைக் காட்டும்". நாளைக்கு என்ன?

லேப்ல கல்லைக் கவுத்துப் போட்டு, பக்கவாட்டுல, விளக்குலேருந்து 20, 25 சென்டிமீட்டர் தள்ளித்தான் பார்ப்பாங்க. தள்ளத் தள்ளப் புற ஊதா இறங்கிடும்.

சூரத் ரிட்டர்ன்:
இறங்கும். போயிடுமா?

காகபாதம்:
இங்கிலீஷ்காரன் க்ளாரிட்டின்னு கண்டுபிடிக்கிறதுக்கு எவ்வளவோ காலம் முன்னாடியே காகபாதம் (காக்கைக் கால் மாதிரி கீறல்), களங்கம் (கறை), விந்து (புள்ளி), ஏகை (கோடு)ன்னு வைரத்துக்கு நாலு குற்றம் சொன்னவங்க நாம. அந்த நாலுல ஒளிர்றது இல்ல. மேட்டர் முடிஞ்சுது.

சூரத் ரிட்டர்ன்:
அந்த நாலைச் சொன்னவர் கையில புற ஊதா டார்ச் இருந்துதா சாமி?

காகபாதம்:
கிண்டலுக்குக் குறைச்சல் இல்ல. உங்க சூரத்துல ஐ.ஜி.ஐ.ங்கிற இன்னொரு லேபோட தாளைக் காட்டி ஒரு கலர் தூக்கி விக்கிறதை முதல்ல பேசுங்க. ஐ.ஜி.ஐ. எஃப்னா ஜி.ஐ.ஏ.வுல ஜி ஆகலாம்னு ஊருக்கே தெரியும்.

சூரத் ரிட்டர்ன்:
ஊருக்கே தெரிஞ்சா விலையும் அதுக்கேத்த மாதிரி குறைச்சுத்தானே போடறாங்க? ரெண்டு லேப் எழுத்தையும் பக்கத்துல வெச்சு ஒரே விலைப்பட்டியல்ல தேடறவன்தான் ஏமாறுவான். ஒரே லேப் தாளை மட்டும் ஒப்பிடுங்க. இதுக்கும் ஸ்ட்ராங் ப்ளூவுக்கும் என்ன சம்பந்தம்?

எடைத்தட்டு:
கட் பத்தி ஒருத்தரும் பேசலையே. கல் செத்த மாதிரி கிடந்தா முதல் காரணம் அதுதான். வட்டக் கல்லுல க்ரவுன் (மேல் பாதி) கோணம் 36 டிகிரி, பெவிலியன் (அடிப் பாதி) கோணம் 41.6னு ரெண்டும் ஏறி நின்னா அடியில வெளிச்சம் ஒழுகும். பெவிலியன் 40.6க்கும் 41க்கும் நடுவுல, க்ரவுன் 34, 35ல இருக்கான்னு பாருங்க. ஜி.ஐ.ஏ. கட் கிரேடு தர்றது வட்டத்துக்குத்தான். ஓவல், பிரின்ஸஸ் (சதுரக் கல்) இதுலயெல்லாம் "எக்ஸலன்ட்"னு கடைக்காரர் காட்டறது பாலிஷ், சிமெட்ரி வரி.

மூக்குத்தி மாமி:
என் கேள்விக்குப் பாதி பதில்தான் வந்திருக்கு. கல்லோட முதுகை மூடிக் கட்டற க்ளோஸ் செட்டிங் தோட்டுக்குத் தாள் கேட்டா ஒரு கார்டு தர்றா. "ஈ-எஃப், வி.வி.எஸ்.-வி.எஸ்."னு கோடு போட்டு எழுதியிருக்கு. ரெண்டுல எது?

பட்டறைக்காரன்:
ரெண்டும் இல்ல மாமி. கட்டின நகையில கல்லோட முதுகும் விளிம்பும் தெரியாது, அதனால "செட்டிங் அனுமதிக்கிற வரை"ன்னு குறிப்புப் போட்டு உத்தேசமா எழுதறது அது. ஜி.ஐ.ஏ. கட்டின கல்லுக்கு கிரேடிங் ரிப்போர்ட் தராது, உதிரிக் கல்லாத்தான் கேக்கும். அங்கேயும் 15 சென்ட்டுக்குக் கீழ டோசியர்ங்கிற சின்ன ரிப்போர்ட் கிடையாது. டோசியர்ல குறை காட்டற படமும் இருக்காது.

க்ளோஸ் செட்டிங்னா வரிசை இதுதான். பதினாலு கல்லையும் உதிரியா மேஜையில வாங்குங்க. தாள் இருக்கிற கல்லுல பெரும்பாலும் இடுப்பு விளிம்பு ஓரம் லேசர்ல நம்பர் வெட்டியிருக்கும். 10 மடங்கு லென்ஸ்ல தேடுங்க, கண்ணுக்குப் பிடிபடலைன்னா 20. அந்த நம்பரை லேப் தளத்துல போட்டு எடையையும் மில்லிமீட்டர் அளவையும் ஒப்பிடுங்க. அப்புறம்தான் கட்டக் கொடுக்கணும். முதுகை மூடிட்டா நம்பர் தங்கத்துக்குள்ள போயிடும், கல் மாறினா பிரம்மனுக்கும் தெரியாது.

எதுக்குத் தெரியும் தெரியுமா? தம்பி திட்டற ஃப்ளூரசன்ஸுக்கு! தாள்ல ஸ்ட்ராங் ப்ளூன்னு இருக்கிற கல்லை இருட்டுல 365 நானோமீட்டர் டார்ச்ல காட்டுங்க. நீலமா எரியலைன்னா அது அந்தக் கல் இல்ல. மூடின செட்டிங்லயும் மேல் பக்கத்துலேருந்து பார்க்கலாம். தெருவுல விக்கிற 395 டார்ச் ஆகாது, அதுவே ஊதா வெளிச்சம் கக்கும், எல்லாக் கல்லும் நீலமாத் தெரியும். இதுக்குத்தான் அங்க அடையாளம்னு முதல் வரியிலேயே சொன்னேன்.

சூரத் ரிட்டர்ன்:
அடடா, அதே டார்ச்சைத் தோடு முழுக்க அடிங்களேன். நாலு கல் எரியும், மூணு கல் இருட்டா நிக்கும். வெயில்ல போனா அந்த நாலு மட்டும் தனி நிறம். பல படிக் கல்லையும் கலந்து கட்டித் தள்றது அப்படித்தான். ஏழையும் ஒரே படியில பொறுக்கிக் கட்டற பட்டறை எத்தனை?

மச்சம்னீங்களே, மச்சத்துக்கு எவனாவது விலை குறைப்பானா?

காகபாதம்:
மாப்பிள்ளை வீட்டுல கேட்டுப் பாருங்க.

மூக்குத்தி மாமி:
இந்தப் பேச்செல்லாம் இங்கே வேண்டாம். ஏழும் ஒரே படியா வேணும்னா கடைல என்னன்னு கேக்கறது?

பட்டறைக்காரன்:
"ஏழும் நன், இல்லேன்னா ஏழும் ஸ்ட்ராங், கலந்து வேண்டாம்"னு எழுதி வாங்குங்க மாமி, பில்லுல. ஏழும் ஸ்ட்ராங்னா கழிவு விலை கேளுங்க. அதுதான் தம்பி சொல்ற சந்தை விலை, நமக்கு லாபம்.

சூரத் ரிட்டர்ன்:
ஆஹா! கழிவு விலை! உங்க வாயாலயே வந்துடுச்சு!

பட்டறைக்காரன்:
விலைக்குக் கழிவு வேற, கல் கழிவு வேற. தமிழும் சொல்லித் தரணுமா?

எடைத்தட்டு:
15 சென்ட்னு போட்டிருக்கீங்க. தாள்ல 0.15 காரட்னு இருக்கும். தேடறவங்க குழம்பக் கூடாது.

பட்டறைக்காரன்:
யாரும் குழம்பல. கமென்ட் வரியைப் படிங்க.

சூரத் ரிட்டர்ன்:
தலைப்பைப் படிங்க. கிரேடிங் இன்ஃபர்மேஷன்.